நடை நோட்டு

(ஆயக்குடியில் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி மாணவர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம். நேரமின்மையால் விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



நோட்டீஸில் என் பேருக்கு முன்னால் ‘கவிஞர்’ என்றும் பின்னால் ‘வங்கி ஊழியர்’ என்றும் போட்டிருக்கிறீர்கள். ரெண்டும் உண்மைதான். ஆனால் இந்த ரெண்டுக்கும் முன்னாடி நான் டிப்பர் லாரி டிரைவர். 2009 கடைசியிலிருந்து 2012 வரை இந்தப் பக்கத்து மண்ணையும் ஜல்லியையும் நடை அடித்தவன். அதை நோட்டீஸில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்து வருசத்துக்கு மேலாக இப்படித்தான் நழுவிக்கொண்டு வருகிறேன். ஏன் நழுவினேன் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் எங்கய்யாவிலிருந்து தொடங்கணும். ஆயக்குடி என்றால் வெளியூர்க்காரனுக்குக் கொய்யா. நமக்குக் கொய்யாத் தோட்டத்துக் கூலி. இது பாளையக்காரர் ஊர், அப்புறம் ஜமீன் ஊர். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போனது, ஆனால் நிலம் நம்ம தெருவுக்கு வரவில்லை. எங்கய்யா ஒரு தோட்டத்தில் பண்ணையாளாகக் கிடந்து, ஒருநாள் வரப்பில் வாங்கின அடியோடு ரோட்டுக்கு ஓடி, நின்றுகொண்டிருந்த லாரியில் கிளீனராக ஏறினவர். ஏழு வருசம் டயர் கழற்றி, கிரீஸ் அடித்து, அப்புறம்தான் ஸ்டியரிங் அவர் கைக்கு வந்தது.

அவருக்கு எல்லா டாடா வண்டியும் ‘பென்ஸ்’தான். 1954இல் டெல்கோ கம்பெனி ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. 1969இல் அந்த ஒப்பந்தம் முடிந்துபோனது. ஆனால் எங்கய்யா சாகிறவரைக்கும் பென்ஸ், பென்ஸ் என்றுதான் சொன்னார். அதில் ஒரு பெருமை இருந்தது. ஊர் டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ், குடித்துவிட்டு நாமே கழுவி வைக்கணும். அதே ஆள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சத்திரப்பட்டி, ஒட்டன்சத்திரம் தாண்டி இறங்கினால், ‘டிரைவரே, டீயா காபியா?’ என்று கேட்பார்கள். எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. ‘ரோட்டுக்குச் சாதி கிடையாதுடா’ என்பார்.

ஆனால் சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு மொதலாளி வீட்டுக்குச் சாவி கொடுக்கப் போகும்போது அவர் செருப்பை எங்கே கழற்றினார், சாவியைக் கையில் கொடுத்தாரா திண்ணையில் வைத்தாரா என்று நான் பார்த்திருக்கிறேன். ரோட்டில் இல்லாத சாதி அந்தத் திண்ணையில் இருந்தது.

நான் பி.ஏ. முடித்தேன். வேலை இல்லை. எங்கய்யாவுக்கு முதுகு போய்விட்டது. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, இந்தப் பகுதியில் பத்துப் பன்னிரண்டு டிப்பர் வைத்து ஓட்டின ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். பேர் வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதை ஆக்கிக்கொண்டிருந்த வருசங்கள் அவை. பழனி வரைக்கும் 2012இல் திறந்தது, அதற்கப்பால் பொள்ளாச்சிக்கு 2015இல். ரோட்டு வேலை, மனைப்பிரிவு வேலை என்று மண்ணுக்கும் ஜல்லிக்கும் ஓயாத கிராக்கி.

என் கைக்கு வந்தது ஒரு பழைய டாடா 1210. எந்த வருசத்து மாடல் என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் அதன் ஆர்.சி. புக்கை நான் கண்ணால் பார்த்ததில்லை. பவர் ஸ்டியரிங் கிடையாது, லோடோடு ஒடித்துத் திருப்ப சீட்டைவிட்டு எழுந்து நிற்கணும். கியர் மாற்ற ரெண்டு தடவை கிளட்ச் மிதிக்கணும். செல்ப் எடுக்காது. ராத்திரி மேட்டில் நிறுத்தி டயருக்குக் கல் வைத்துவிட்டுப் போவோம். காலையில் கிளீனர் கல்லை உருவுவான், வண்டி உருளும், அந்த உருட்டில் கியரைப் போட்டு ஸ்டார்ட் பண்ணணும். எஞ்சின் உறும ஆரம்பித்தால் சாமி கும்பிட்டுக்கொள்வோம்.

லோடு கணக்கு யூனிட். ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. தொட்டி ரெண்டு யூனிட்டுக்குக் கட்டினது. பலகை அடித்து உயர்த்தி மூணு யூனிட் ஏற்றுவோம். 1210 என்ற பேரிலுள்ள 12, வண்டியும் சரக்கும் சேர்ந்து 12 டன் என்பதைக் குறிப்பது. மூணு யூனிட் ஈரக் கிராவல் மட்டுமே அதைத் தாண்டிவிடும். சம்பளம் மாசத்துக்கு இல்லை, நடைக்கு இவ்வளவு. எட்டு நடை அடித்தால்தான் வீட்டில் உலை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் வருசத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எங்கள் பட்டறையில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று சொன்னவர் யாரும் இல்லை.

பழைய வண்டியை ஏன் ஓட்டுகிறார்கள்? மலிவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, அது பெரிய ரோட்டுக்கே வராது. குவாரியிலிருந்து வேலையிடம், வேலையிடத்திலிருந்து குவாரி. எஃப்.சி. தீர்ந்திருக்கும், இன்சூரன்ஸ் தீர்ந்திருக்கும். யாராவது பிடித்தால் டிரைவர் மேல் கேஸ். மண் யாருடையது, நடைச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டாலும் முதலில் பிடிபடுவது ஸ்டியரிங்கில் இருக்கிறவன்தான். நிலமில்லாதவன் அடுத்தவன் நிலத்தை அள்ளி அடுத்தவன் நிலத்தில் கொட்டுகிறான். கேஸ் மட்டும் அவன் பேரில்.

‘டிரைவராக இருந்து மொதலாளி ஆனவர்கள் எத்தனை பேர், நீயும் உழைச்சா ஆகலாம்’ என்று சொல்வார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் அப்படி ஆனவர்கள் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஏணியின் படிகள் எவை? மாமன் போட்ட சீட்டு, பங்காளி நடத்தின பைனான்ஸ், அடமானம் வைக்க ரெண்டு ஏக்கர் காடு. உழைப்பு எல்லோரிடமும் இருந்தது. எங்கய்யா முப்பது வருசம் உழைத்தார். அவருக்கு ஜாமீன் போட ஆள் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

என் வண்டிக்கு ஒரு கிளீனர் இருந்தான். நம்ம தெருப் பையன், வயசு இருபது. பேரைச் சொல்ல வேண்டாம் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டார்கள். நான் நோட்டில் ஏதாவது கிறுக்கிக்கொண்டிருந்தால், ‘என்னண்ணே, இன்னைக்கு எத்தனை நடை, எத்தனை கவிதை?’ என்பான்.

2011 ஐப்பசி மழை. ஒரு மனைப்பிரிவுக்கு மண் அடித்துக்கொண்டிருந்தோம். டிப்பர் எப்படித் தூக்குகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கியர்பாக்ஸிலிருந்து ஒரு பம்ப் ஓடும், பம்ப் ஆயிலைத் தள்ளும், ஆயில் ஜாக்கியைத் தள்ளும், தொட்டி எழும்பும். தூக்கின தொட்டியைத் தாங்குவது அந்த ஆயில் மட்டும்தான். அதனால் தொட்டிக்கு அடியில் வேலை என்றால் இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போகணும். எங்கள் வண்டியில் முட்டு இல்லை. ஓஸ் பழசு, ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். ‘மாத்துங்க மொதலாளி’ என்று நான் ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்லவில்லை. சொன்னால் வண்டி பட்டறைக்குப் போகும், அன்றைக்கு நடை போகும்.

தொட்டி பாதியில் நின்றுவிட்டது. என்ன என்று பார்க்க அவன் சேஸுக்குள் குனிந்தான். ஓஸ் வெடித்தது. அவ்வளவுதான். காலித் தொட்டியே டன் கணக்கு, அதில் பாதி மண் வேறு.

மூணாம் நாள் மொதலாளி வீட்டுத் திண்ணை. அவன் அம்மா கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பெரிய மனுசர்கள் நாலு பேர். நாற்பதாயிரம் என்று முடிவாயிற்று. எழுதுவதற்கு ஆள் தேடினார்கள். மொதலாளி என்னைப் பார்த்தார். ‘ஏப்பா, நீ பி.ஏ. படிச்சவன்தானே, கையெழுத்து முத்து முத்தா இருக்கும். எழுது.’

எழுதினேன் தோழர்களே. ‘இறந்துபோன என் மகன் மேற்படியாரிடம் வேலை பார்க்கவில்லை, வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் விபத்து ஏற்பட்டது, மனிதாபிமான அடிப்படையில் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். ‘நீ எழுதினா சரியாத்தான்யா இருக்கும்’ என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்கள். நம்ம தெருவில் அன்றைக்குப் பட்டம் வாங்கினவன் நான் ஒருத்தன்தான். அந்தப் பட்டத்தை முதன்முதலாக உபயோகப்படுத்தினது அங்கேதான்.

அதற்குப் பிறகும் நாலைந்து மாசம் வண்டி ஓட்டினேன். அப்புறம் விட்டுவிட்டு, இங்கே மரத்தடியில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அங்கே உட்கார்ந்து படித்து வங்கித் தேர்வு எழுதினேன். வேலை கிடைத்தது. கவிதையும் அச்சானது.

2014இல் இதுமாதிரி ஒரு சின்னக் கூட்டம். முப்பது பேர் இருப்போம். ஒரு வக்கீல் தோழர் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் பற்றிப் பேசினார். 1923ஆம் வருசத்துச் சட்டம். வேலையில் செத்தவனுக்கு நஷ்டஈட்டை மொதலாளி நேரில் கொடுத்து முடிக்க முடியாது, ஆணையரிடம் கட்டணும். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் எந்தக் காகிதமும் செல்லாது, அது பதினேழாவது பிரிவு. தொகைக்குப் பேரம் கிடையாது, கணக்குத்தான். மாசச் சம்பளத்தில் பாதி, அதை வயசுக்குரிய எண்ணால் பெருக்கணும். இருபது வயசுக்கு அட்டவணையில் 224. நான் உட்கார்ந்த இடத்திலேயே பெருக்கினேன். அவனுக்கு மாசம் நாலாயிரம். பாதி ரெண்டாயிரம். ரெண்டாயிரத்தை 224ஆல் பெருக்கினால் 4,48,000. அன்றைக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்சத் தொகையே 1,20,000. நான் எழுதினது நாற்பதாயிரத்துக்கு.

மனுப் போட ரெண்டு வருசம் கெடு. கெடு தாண்டியிருந்தது. தக்க காரணம் இருந்தால் ஆணையர் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொன்னது. அவன் அம்மா திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தார்கள். போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டார்கள்: ‘அன்னைக்கு உனக்கு இது தெரியாதாய்யா?’

தெரியாது. நிஜமாகவே தெரியாது. ஆனால் எழுதுகிற வாக்கியம் பொய் என்பது தெரியுமே. அவன் வேடிக்கை பார்க்க வரவில்லை என்பது எனக்குத் தெரியாதா?

மனுப் போட்டோம். ‘அவன் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை’ என்றார்கள். பதிவேடு கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. அவர்களிடம் இருந்தது என் கையெழுத்தில் ஒரு காகிதம். எங்களிடம் இருந்ததும் என் கையெழுத்துதான். என் நடை நோட்டு. தேதி, எத்தனை நடை, டீசல் எவ்வளவு, கிளீனர் படி எவ்வளவு என்று தினமும் எழுதி வைத்த நாற்பது பக்க நோட்டுகள் ஆறு. ஒவ்வொரு நாள் கணக்குக்கும் கீழே பட்டறைக் கணக்குப்பிள்ளை சுழித்திருந்தார். கிளீனர் என்ற இடத்தில் பதினாலு மாசம் அவன் பேர் இருந்தது. நான் எழுதின காகிதம் பொய் என்று நானே கூண்டில் நின்று சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: ‘அன்றைக்குப் பொய் எழுதினவர் இன்றைக்கு மட்டும் உண்மை சொல்கிறீர் என்று எப்படி நம்புவது?’ நியாயமான கேள்விதான். ‘நோட்டைப் பாருங்க’ என்று மட்டும் சொன்னேன்.

2017இல் உத்தரவு வந்தது, வட்டியோடு. மேல்முறையீட்டுக்குப் போவதாக இருந்தாலும் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போகணும். கட்டினார்கள். அந்த அம்மா பணத்தை மகள் பேரில் போட்டார்கள். என்னோடு பேசுகிறார்கள். முன்மாதிரி இல்லை. அது நியாயம்.

இப்போது வங்கியில் கடன் கோப்புகள் என் மேசைக்கு வருகின்றன. 1974இல் உண்டான தாட்கோ நம் மக்களுக்குக் கடனும் மானியமும் வாங்கித்தருகிறது. மானியத்தில் டிப்பர் வாங்கணும் என்று நம்ம பையன்கள் வருகிறார்கள். சில கோப்புகளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். பேர் நம்ம பையனுடையது, ஆனால் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் பேசுகிறார். ஆர்.சி. புக்கில் நம்ம பேர் வந்தும் வண்டி அவருடையது. அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்பேன்: ‘தம்பி, கையெழுத்துப் போடுமுன் படிச்சியா?’

1923ஆம் வருசத்துச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது, 2020இல் நிறைவேற்றி 2025 நவம்பரில் அமலாக்கியது. வேலையில் செத்தவனுக்கு நஷ்டஈடு என்பது அதிலும் இருக்கிறது. தேடிப் படியுங்கள். வக்கீல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்களில் பலபேர் உங்கள் தெருவின் முதல் பட்டதாரியாக இருப்பீர்கள். ஒருநாள் ஏதாவது ஒரு திண்ணைக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். உட்காரக்கூடச் சொல்வார்கள். பேனா கொடுப்பார்கள். கீழே நம்ம ஆத்தா ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், நீங்கள் எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு. அன்றைக்கு அந்தப் பேனாவைக் கீழே வைக்கிற தைரியம் வேணும். அது வராவிட்டாலும், தினமும் ஒரு நோட்டு எழுதுகிற பழக்கமாவது வேணும்.

அந்த ஆறு நோட்டும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. பின்பக்கங்களில் அந்தக் காலத்துக் கவிதைகள். முன்பக்கங்களில் தேதி, நடை, டீசல், கிளீனர் படி, அவன் பேர். என்னைக் கவிஞர் என்று நோட்டீஸில் போட்டதால் சொல்கிறேன்: நான் எழுதினதில் யாருக்காவது உபயோகப்பட்டது அந்த முன்பக்கம்தான்.