மேகசின் சரியில்லையென்றால் கார்பைன் வெறும் தடிதான்
(கொடுமுடியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்று கேட்டார். "மேகசின் பத்தி" என்றேன். "ரொம்ப சந்தோஷமுங்க, நம்ம காலேஜ் மேகசினுக்கு ஆள் கிடைக்காம தவிச்சுட்டிருக்கோம்" என்றார். அந்த மேகசின் இல்லைங்க. துப்பாக்கியின் அடியில் செருகுகிறோமே, தோட்டா அடைக்கிற பெட்டி, அந்த மேகசின். ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் வேலையில் காலம் கழித்தவன் நான். வேறு எதைப் பேசினாலும் அது இரவல் சரக்காகிவிடும். அதனால் எனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன்.

முதலில் கார்பைன் என்றால் என்ன? ரைபிளுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழல் குட்டை, எடை குறைவு. வண்டியில் ஏறி இறங்குகிறவர்களுக்கும், நெருக்கமான இடத்தில் சண்டையிடுகிறவர்களுக்கும் வசதியானது. நம் நாட்டில் வெகுகாலமாக "கார்பைன்" என்றாலே 9 மி.மீ. தோட்டா சுடும் ஸ்டெர்லிங் ரகம்தான். பிரிட்டிஷ்காரர்கள் வடிவமைத்த அதை உரிமம் பெற்றுக் கான்பூரில் செய்தார்கள். அமெரிக்கப் படையில் கார்பைன் என்றால் எம்-4. அது 5.56 மி.மீ. தோட்டாவைச் சுடுவது.

இதெல்லாம் கடையில் வாங்கும் பொருள் அல்ல. விசையை விடும்வரை, அல்லது மேகசின் காலியாகும்வரை தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடை செய்யப்பட்ட ஆயுதங்கள் என்று வகுத்து வைத்திருக்கிறது. ஆகவே நல்ல மேகசின் எது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு படைக்கு வாங்குகிறவருக்கும், கிடங்கில் இருந்து எடுத்துக் கொடுக்கிறவருக்கும்தான். ஆனால் அந்தத் தேர்வில் இருக்கிற பாடம், மோட்டார் செய்கிறவருக்கும் தறி ஓட்டுகிறவருக்கும் பொருந்தும் பாடம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மேகசினைப் பிரித்துப் பார்த்தால் அதிசயமாக ஒன்றும் இருக்காது. ஒரு கூடு. உள்ளே ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் தலையில் தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளும் ஒரு தட்டு. அதை ஃபாலோயர் என்பார்கள். அடியில் ஒரு மூடி. மேலே தோட்டா தானாகத் துள்ளி வெளியே விழாமல் பிடித்துக்கொள்ளும் இரண்டு உதடுகள். இவ்வளவுதான். துப்பாக்கியின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் வேலையைப் பாருங்கள். எம்-4 கார்பைன் நிமிடத்துக்கு 700 முதல் 950 குண்டு வரை சுடும் வேகம் கொண்டது. அதாவது ஒரு நொடியில் 12, 15 முறை உள்ளே போல்ட் பின்னால் போய் முன்னால் வருகிறது. அது பின்னால் போன அந்தக் கண்ணிமைப்பில், அடுத்த தோட்டா மேலே வந்து, சரியான உயரத்தில், மூக்கைச் சரியான சாய்வில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் போல்ட் வெறுங்கையோடு முன்னால் போய்விடும். கொஞ்சம் தலை கவிழ்ந்தால் தோட்டா வாசலில் முட்டி நிற்கும். உதடு கொஞ்சம் விரிந்திருந்தால் இரண்டு தோட்டா சேர்ந்து கிளம்பும். மூன்றில் எது நடந்தாலும் கையில் இருப்பது துப்பாக்கி அல்ல, தடி.

இதற்குக் கணக்கே இருக்கிறது. 2007ஆம் ஆண்டு அமெரிக்கத் தரைப்படை கடுமையான தூசியில் வைத்துச் சில கார்பைன்களைச் சோதித்தது. 10 எம்-4 கார்பைன்கள், மொத்தம் 60,000 குண்டுகள். 882 முறை தடங்கல் ஏற்பட்டது. அதில் 239 தடங்கல் மேகசினால் வந்தது. நாலில் ஒரு பங்குக்கும் மேல்! அதற்குப் பிறகு 2009ல் அந்தப் படை ஸ்பிரிங்கையும் ஃபாலோயரையும் மாற்றியமைத்து ஒரு புது மேகசின் கொடுத்தது. மேகசினால் வரும் தடங்கல் இதனால் பாதிக்கு மேல் குறையும் என்று அறிவித்தது. துப்பாக்கியைத் தொடவே இல்லை, பாருங்கள். ஸ்பிரிங்கும் ஒரு சின்னத் தட்டும்தான் மாறின.

இது புதிய விஷயமும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் அவசரத்துக்கு மலிவாகச் செய்த ஸ்டென் துப்பாக்கியின் மேகசினில் 32 தோட்டா போடலாம். கூட்டுக்குள் இரண்டு வரிசையாக வரும் தோட்டாக்கள் வாயருகே ஒரே வரிசையாகச் சேரும். திருவிழா முடிந்து எல்லாரும் ஒரே வாசல் வழியாக வெளியே வந்தால் எப்படி நெருக்குமோ, அதே நெருக்கடி. அனுபவப்பட்ட சிப்பாய்கள் இரண்டு மூன்று தோட்டாவைக் குறைத்தே போட்டுக்கொண்டார்கள். அடுத்து வந்த ஸ்டெர்லிங்கில் இதைத் திருத்தினார்கள். ஜார்ஜ் பாட்செட் என்கிற வடிவமைப்பாளர் 34 தோட்டா பிடிக்கும் வளைந்த மேகசின் செய்து, ஃபாலோயரில் தட்டுக்குப் பதிலாக உருளைகளை வைத்தார். உராய்வு குறைந்தது, உள்ளே தூசி விழுந்தாலும் ஓடியது. நம் நாட்டுக் கார்பைன் அத்தனை காலம் தாக்குப்பிடித்ததில் அந்த உருளைகளுக்கும் பங்கு உண்டு.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இன்சாஸ் ரைபிளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புனே ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்தது. ஈசாப்பூர், கான்பூர் தொழிற்சாலைகளிலும், நம்மூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கரூர் தாண்டிப் போய்ச் சேருகிற திருச்சியில் இருக்கும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் உருவானது. அதற்கு 20 தோட்டா பிடிக்கும் பிளாஸ்டிக் மேகசின். உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். யோசனை நல்ல யோசனைதான்.

1999ல் கார்கில் போர் வந்தது. திராஸ் பகுதியில் 16,000 அடிக்கும் மேற்பட்ட முகடுகள். மூச்சு வாங்கும் உயரம், எலும்பை உறைய வைக்கும் இரவுகள். அந்தக் குளிரில் இன்சாஸ் மேகசின்களில் விரிசல் விட்டதாகச் செய்திகள் வந்தன. நம் பிள்ளைகள் டோலோலிங்கையும் டைகர் மலையையும் மீட்டார்கள். அது அவர்களின் நெஞ்சுரம். ஆனால் மேலே எதிரி, கீழே பள்ளம், நடுவில் பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒருவனுக்கு, கையில் இருக்கிற மேகசின் உடைந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஏன் விரிசல் விடுகிறது? பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு. வெதுவெதுப்பில் வளைந்து கொடுக்கும். குளிர் ஏற ஏற வளையும் தன்மையை இழக்கும். ஒரு கட்டத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கொடுமுடி வெயிலில் கீழே போட்டால் துள்ளி எழுகிற அதே பொருள், பனியில் பாறைமேல் விழுந்தால் பிளந்துகொள்ளும். இங்கே சோதித்துப் பார்த்து "பிரமாதம்" என்று சொன்னால் அந்தச் சான்றிதழ் இங்கே மட்டும்தான் செல்லும்.

அதற்காகப் பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2016 டிசம்பரில் அமெரிக்க மரைன் படை தன் ரைபிள், கார்பைன்களுக்குத் தேர்ந்தெடுத்ததே ஒரு பாலிமர் மேகசின்தான். அதே நேரம் பிரிட்டிஷ் படை தன் எஸ்.ஏ-80 ரைபிளை 2000க்குப் பின் சீர்திருத்தியபோது எஃகு மேகசினுக்குப் போனது. ஆகவே எஃகா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா என்பது முதல் கேள்வி அல்ல. போகிற இடத்து வெயில், பனி, தூசி, அடி உதை எல்லாவற்றையும் காட்டிச் சோதித்தார்களா என்பதுதான் முதல் கேள்வி. பேர் பெற்ற கம்பெனி என்பதும் இரண்டாம் பட்சம்தான்.

சரி, கிடங்கில் நூறு மேகசின் குவிந்து கிடக்கிறது. எதை எடுப்பது, எதைத் தள்ளுவது? நான் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் உதடுகளைப் பார். முடி போல விரிசல் இருந்தாலும் ஆகாது. இடைவெளியைக் கண்ணால் அளக்காதே, அளவுகோல் வைத்து அள. அடுத்து ஃபாலோயரை விரலால் முன்பக்கமும் பின்பக்கமும் அழுத்து. ஒரு பக்கம் கவிழ்ந்து சிக்கிக்கொள்கிறதா என்று பார். ஸ்பிரிங்கில் துரு இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? கூட்டில் சொட்டை விழுந்திருக்கிறதா? ஒரு சின்னச் சொட்டை உள்ளே ஃபாலோயர் போகும் பாதையை அடைத்துவிடும். துப்பாக்கியில் செருகினால் சிக்கென்று உட்கார வேண்டும், பொத்தானை அழுத்தினால் தடையில்லாமல் கழன்று வர வேண்டும். உள்ளே எண்ணெய் ஊற்றாதே. எண்ணெய் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். துடைத்துக் காய வைத்தால் போதும்.

இதையெல்லாம் தாண்டி நிற்கிற மேகசினுக்கு ஒரு நம்பர் எழுது. இதுதான் முக்கியம். நம்பர் இல்லாத மேகசினுக்கு ஞாபகம் கிடையாது. சுடும்போது தடங்கல் வந்தால், "துப்பாக்கி சரியில்லை" என்று உடனே சொல்லாதே. அதே மேகசினை வேறு துப்பாக்கியில் போடு. தடங்கல் மேகசினோடு கூடவே வந்தால் கோளாறு மேகசினில். துப்பாக்கியோடு தங்கிவிட்டால் கோளாறு துப்பாக்கியில். இரண்டிலும் இல்லையென்றால் தோட்டாவைப் பார். வியட்நாம் போரில் 1966, 67ல் எம்-16 ரைபிள் அடிக்கடி சிக்கியபோது பெரிய விசாரணையே நடந்தது. தோட்டாவுக்குள் இருந்த வெடிமருந்தை மாற்றியதும், குழலின் பின்னறைக்குக் குரோம் பூச்சு தராததும், சுத்தம் செய்யும் சாமான்கள் போதாததும் பெரிய காரணங்களாகத் தெரிய வந்தன. எல்லாப் பழியையும் மேகசின் தலையில் போடுவதும் தப்பு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் முறை. நம் கல்லூரி லேபில் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தானே?

கடைசியாக ஒன்று. கெட்டுப்போனது என்று தெரிந்த மேகசினை உடனே நசுக்கிப் போடச் செய்ய வேண்டும். இங்கேதான் மனித சுபாவம் குறுக்கே நிற்கும். கணக்கில் குறையும், எழுத்து வேலை இருக்கிறது, மேலே பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்து அதை ஓரமாக வைப்பார்கள். ஓரமாக வைத்தது ஒரு நாள் குவியலுக்குத் திரும்பி வரும். நான் வேலை பார்த்த ஒரு படைப்பிரிவில் ஒரு ஹவில்தார் இருந்தார், படிப்பு அதிகமில்லை. "சார், இதுல ஒண்ணு சந்தேகம்னா நான் என் தம்பி கையில குடுப்பனான்னு நினைச்சுப் பார்ப்பேன். மனசு வரலைன்னா சுத்தியல எடுத்துருவேன்" என்பார். எந்தத் தரக்கட்டுப்பாட்டுக் கையேட்டிலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் படித்து முடித்ததும் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம்தான் வேலைக்குப் போவீர்கள். பம்ப் செய்வீர்கள், வார்ப்படம் ஊற்றுவீர்கள், ஸ்பிரிங் சுற்றுவீர்கள், பர்ச்சேஸில் உட்கார்ந்து கொட்டேஷன் பார்ப்பீர்கள். அங்கேயும் மேகசின் மாதிரி ஒரு சின்னப் பாகம் உங்கள் கைக்கு வரும். கெபாசிட்டர் ஒன்று மட்டமாக இருந்ததால் மோட்டார் காயில் கருகி, மஞ்சள் வயல் காய்ந்துபோன கதையை நம் விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். "இது என்னங்க, அஞ்சு பத்து ரூபா சமாச்சாரம்" என்று யாராவது சொன்னால் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார வேண்டும். விலை மலிவாக இருக்கிற பாகத்தைத்தான் யாரும் ஒழுங்காகச் சோதிப்பதில்லை.

திருச்சித் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் அரசு நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்குகிறது. தனியார் நிறுவனங்களும் இன்று ஆயுத உற்பத்திக்கு வந்துவிட்டன. உங்களில் சிலருக்கு அந்த வேலை நேரடியாகவே கிடைக்கலாம். அப்போது நீங்கள் கையெழுத்துப் போடும் சோதனைச் சீட்டை வைத்துத்தான் எங்கோ ஒரு முகட்டில் ஒரு பையன் காவல் நிற்பான். அவன் உங்களைப் பார்க்கப்போவதில்லை, உங்கள் பெயரும் அவனுக்குத் தெரியாது. உங்கள் கையெழுத்தை மட்டும்தான் அவன் நம்பியிருக்கிறான். சந்தேகம் இருந்தால் போடாதீர்கள்.