உயிருள்ள மருந்து உயிரோடு வந்து சேரட்டும்!

(விவசாயிகள் வகுப்பில் நிகழ்த்திய உரை)



நம் புஞ்சைக் காடுகளில் நிலக்கடலை ஒரு சாண் வளர்வதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி வாடிச் சாய்வதைக் கண்டிருக்கிறீர்கள். பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடியில் வெள்ளை நூல் படர்ந்திருக்கும்; கடுகு போன்ற முத்துக்கள் ஒட்டியிருக்கும். இது கண்ணேறும் அல்ல, விதியும் அல்ல. மண்ணில் வாழும் பூஞ்சாணம் செய்கிற வேலை. அந்த முத்துக்கள் மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து, ஈரம் கண்டதும் முளைக்கும்.

இதை ஒழிக்க ரசாயன மருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் விஷத்தைக் கையாளுவது விளையாட்டல்ல. 1971-72-ல் ஈராக் நாட்டில் நடந்தது என்ன? பூஞ்சாண நோய்க்காகப் பாதரச மருந்து பூசிய விதைக் கோதுமையைக் கிராமத்து மக்கள் ரொட்டி சுட்டுத் தின்றார்கள். மூட்டையின் மேலிருந்த எச்சரிக்கை அவர்கள் அறியாத மொழியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 6,530 பேர். அங்கே மாண்டவர்கள் 459 பேர். பசித்து உண்டவன் மீதா குற்றம்?

வேறு வழி உண்டா? உண்டு. பூஞ்சாணத்துக்குப் பூஞ்சாணமே எதிரி! டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சாணம் நம் மண்ணிலேயே வாழ்கிறது. அது நோய்ப் பூஞ்சாணத்தைத் தாக்கி உண்கிறது என்பதை வைண்ட்லிங் என்ற விஞ்ஞானி 1932-ல் எடுத்துக்காட்டினார். அம்மையார் கூந்தல் செடியைச் சுற்றுவதுபோல இது நோய்ப் பூஞ்சாணத்தின் நூலைச் சுற்றிக்கொள்கிறது. அதன் தோலைக் கரைத்து உள்ளிருப்பதை உறிஞ்சுகிறது. வேரைச் சுற்றியுள்ள இடத்தையும் இரையையும் முந்திப் பிடித்துக்கொள்கிறது.

உபயோகிக்கும் முறை சுலபம். கிலோ விதைக்கு 4 கிராம் பொடியைக் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். மண்ணில் இடுவதானால் ஹெக்டேருக்கு 2½ கிலோ பொடியை 50 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து, ஈரமுள்ள நிலத்தில் தூவ வேண்டும். ரசாயனப் பூஞ்சாண மருந்தோடு சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இதுவும் சாகும். இது வருமுன் காக்கும் மருந்து. அழுகிய வேரை மீட்டுத் தராது.

தோழர்களே, இங்கே நம் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ற போகத்தில் நம் பேச்சைக் கேட்டு, கடன் வாங்கி விதைத்த ஒரு குத்தகை விவசாயியின் கடலை பாதிக்கு மேல் அழுகிவிட்டது. "இது வெறும் மாவு, தோழர்!" என்று பொட்டலத்தை நம் முன்னால் வைத்தார். நமக்குப் பதில் வரவில்லை. எடுத்துப் பார்த்தோம். தேதி முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. வாங்கிய கடைக்குப் போனோம். தகரக் கூரையின் கீழ், வெயில் படும் இடத்தில் மூட்டை கிடந்தது. உள்ளிருந்த உயிர் என்றோ செத்திருக்க வேண்டும். மருந்தின் பெருமையைப் பேசிய நாம், தேதியைப் பார்க்கச் சொல்லவில்லை. நஷ்டம் அவர் தலையில் விழுந்தது.

கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது சர்க்கார் வகுத்த அளவு. மாக்கல் பொடியில் கலந்த சரக்கு சுமார் நான்கு மாதம்தான் தாங்கும். கண்ணால் பார்த்து உயிரை எண்ண முடியுமா? உழவனால் முடியாது, ஆய்வுக்கூடத்தால் முடியும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. விதைப்புக்கு முன்னதாகப் புதிய சரக்கு கூட்டுறவுச் சங்கத்துக்கு வர வேண்டும். கடைகளில் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். செத்த சரக்கை விற்றவர் நஷ்டஈடு தர வேண்டும்.

அதுவரை ஒவ்வொருவரும் பதிவு எண்ணையும் தேதியையும் பாருங்கள், ரசீது கேளுங்கள், பொட்டலத்தை அறுவடை வரை பத்திரமாக வையுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்லுங்கள். ஊருக்கு ஒரு கமிட்டி அமைத்து அடுத்த விதைப்புக்குள் இந்த வேலையைத் தொடங்குவோம்!