தோல்ல பட்டா ஒண்ணு, மூச்சுல போனா வேற!

(செவிலிமேடு தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2020 ஏப்ரல் ஞாபகம் இருக்கா? திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில கிருமிநாசினி சுரங்கம் வச்சாங்க. பாராட்டினோம். உள்ளே தெளிச்சது சோடியம் ஹைப்போகுளோரைட். நம்ம வீட்டு ப்ளீச்ல இருக்கிற அதே சரக்குதான்! மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் எரியும், மனுஷங்க மேல தெளிக்காதீங்கன்னு அதே மாசம் மத்திய சுகாதார அமைச்சகமே சொல்லிடுச்சு.

தென் கொரியாவுல நடந்தது இன்னும் கொடுமை. அறையை ஈரமாக்குற மெஷின் தண்ணியில பி.எச்.எம்.ஜி.ங்கிற கிருமிநாசினியைக் கலந்தாங்க. நுண்துளியா உள்ளே போய் நுரையீரலையே இறுக்கிடுச்சு. 2011ல கர்ப்பிணிகள் அடுத்தடுத்து மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் விஷயமே வெளியே வந்தது.

நம்ம தெருவுல தறியும் வீடும் ஒண்ணு. காத்து வராத அறை. அதனால ப்ளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் சேர்க்கவே சேர்க்காதீங்க. குளோரின் வாயு வரும். ஜன்னலைத் திறந்து வையுங்க. தெளிக்காம, துணியில நனைச்சுத் துடைங்க.

நம்ம கோரிக்கை ஒண்ணே ஒண்ணு: பாட்டில்ல என்ன ரசாயனம், எத்தனை சதவீதம்னு தமிழ்ல, பெரிய எழுத்துல போடணும். நம்ம அம்மா படிச்சுப் புரிஞ்சுக்கணும்!

பகிருங்கள் தோழர்களே.