அரை டிக்கெட்



அரக்கோணம் ஸ்டேஷனில் சென்னை லோக்கல் ஏற வருகிறவரை வாசலில் யாரும் மறிப்பதில்லை. சென்ட்ரல் வரை 69 கிலோமீட்டர். டிக்கெட் பரிசோதகர் கண்ணிலேயே படாத நாட்கள் உண்டு. பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். டிக்கெட் வாங்க அந்தப் பயம் மட்டுமே காரணம் என்றால் கவுன்ட்டர் வரிசை இவ்வளவு நீளாது.

அதே வரிசையில் இன்னொன்றும் நடக்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். அதற்குமேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். ஆறு வயது மகனிடம் ஒரு தாய், "யாராவது கேட்டா நாலு வயசுன்னு சொல்லு" என்கிறார். பின்னால் நிற்கும் தாய் சுருக்குப்பையை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி அரை டிக்கெட் வாங்குகிறார். இருவருக்குமே காசு அருமைதான். முதலாமவரைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வருஷக்கணக்கில் நடக்கும் நீதிபோதனை வகுப்பு அந்த அரை நிமிஷத்துக்கு ஈடாகாது.

பிள்ளைகள் விதியை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்க, ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, கோலி ஆடும் சிறுவர்களிடம் ஆட்டவிதிகளை விசாரித்து 1932-இல் ஒரு நூல் வெளியிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, மாற்றக் கூடாதது. ஆடுகிறவர்கள் ஒத்துக்கொண்டதால்தான் அது விதி என்பது பத்துப் பன்னிரண்டு வயதில் பிடிபட்டது.

விதி மனசாட்சியாக மாறும் காட்சி ஒன்று காந்தியின் வாழ்க்கையில் உண்டு. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அண்ணன் பட்ட கடனை அடைக்க, அந்த அண்ணனின் கைக்காப்பிலிருந்தே துளித் தங்கம் திருடினார். மனசு உறுத்தியது. எல்லாவற்றையும் எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் கொடுத்தார். அடி விழும் என்று காத்திருந்தவர் கண்டது அப்பாவின் கண்ணீரை. கடிதம் நனைந்தது, அப்பா அதைக் கிழித்துப்போட்டார். அடித்திருந்தால் கணக்கு அன்றே தீர்ந்திருக்கும்.

அதே காந்திதான் 1893 ஜூன் 7 இரவு, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து தள்ளப்பட்டார். கையில் முறையான டிக்கெட் இருந்தது. நிறத்தைப் பார்த்து வேறு பெட்டிக்குப் போகச் சொன்னார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. திருட்டை ஒத்துக்கொள்ள வைத்த மனசாட்சிதான் அந்த இருக்கையிலும் அவரைப் பிடித்து வைத்தது. நல்ல வளர்ப்பு தலையாட்டப் பழக்குவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இன்று இந்தப் பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்கியவர்களில் பலர் திருத்தணிக்கோ திருவள்ளூருக்கோ மாலை வண்டியில் திரும்புவார்கள். விழா பார்க்க வந்த தம்பி தங்கைகள், அக்கா பிள்ளைகள் கூடவே இருப்பார்கள். வண்டி பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டிருக்கும். கவுன்ட்டரில் இன்னும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள்.