வீதியே வகுப்பறை

பொலிஸ் பயிற்சிக் கல்லூரியிலே ஓர் இளைஞர் சட்டப் பிரிவுகளை மனனஞ் செய்யலாம். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும் பழகலாம். ஆனால், நள்ளிரவிலே ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது, உள்ளேயிருந்து கேட்கும் அலறல் வெறும் குடும்பச் சண்டையா, கொலையின் தொடக்கமா என்பதைச் சில விநாடிகளுக்குள் உணர்ந்துகொள்ளும் வித்தையை எந்த வகுப்பறையும் முழுமையாகக் கற்பித்துவிட முடியாது. ஆதலினால், புதியவரை அனுபவமுள்ள ஒருவருக்குப் பக்கத்தில் இருத்தி ரோந்துக்கு அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. "கல்லூரியிற் படித்ததையெல்லாம் மறந்துவிடு" என்பதே அந்த அனுபவசாலியின் முதற் பாடம் என்று அமெரிக்கப் பொலிசார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையாயினும் அதிலே உண்மையில்லாமலில்லை.

இவ்வழக்கத்தை ஒரு முறையான கல்வியாக மாற்றிய பெருமை கலிபோர்னியா மாநிலத்தின் சான் ஹொசே நகரத்துக்கு உரியது. அதற்குக் காரணமாயிருந்தது ஒரு துக்ககரமான நிகழ்ச்சி. 1970ஆம் ஆண்டிலே, அந்நகரின் புதிய உத்தியோகத்தர் ஒருவர் பொலிஸ் வண்டியைக் கவனமின்றி ஓட்டி விபத்துக்குள்ளாக்கினார். மற்ற வண்டியிலிருந்த ஒருவர் உயிரிழந்தார். அவரை வேலையிலிருந்து நீக்க முற்பட்டபோதுதான் மேலதிகாரிகள் திகைத்தனர். அவருடைய குறைபாடுகள் உடனிருந்தோருக்குத் தெரிந்தே இருந்தன. ஆயினும், அவற்றை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எந்தக் கோவையிலும் இல்லாத விந்தையை உத்தியோக வாழ்விலே பழகியவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

1972ஆம் ஆண்டிலே அந்நகரிற் புதிய திட்டம் தொடங்கியது. தெரிந்தெடுக்கப்பட்ட உத்தியோகத்தர்கள் கள ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். பயிலுநர் ஓர் ஆசிரியரிடமே தங்கிவிடுவதில்லை. பகற் கடமை, இரவுக் கடமை, நகரின் வெவ்வேறு பகுதிகள் என்று ஆசிரியர் மாறி ஆசிரியரிடம் செல்வார். ஒருவரது விருப்பு வெறுப்பே தீர்ப்பாகிவிடக் கூடாதென்பது இதன் நோக்கம். இறுதியில், முதலாம் ஆசிரியரிடமே திரும்பி வருவார். அப்போது ஆசிரியர் சாதாரண உடையிலே அருகில் அமர்ந்திருப்பார். வேலை முழுவதையும் பயிலுநரே செய்தல் வேண்டும்.

இத்திட்டத்தின் உயிர்நாடி நாளாந்த அவதானிப்பு அறிக்கையாகும். கடமை முடிந்ததும் ஆசிரியர் ஏறக்குறைய முப்பது விடயங்களில் ஒன்று முதல் ஏழு வரை புள்ளியிடுவார். வண்டி ஓட்டுதல், வானொலியிற் பேசுதல், அறிக்கை எழுதுதல், தற்காப்பு, பொதுமக்களுடன் பழகுதல் ஆகியன அவற்றுட் சில. புள்ளிக்குப் பொருள் என்னவென்பதும் முன்னரே எழுதப்பட்டிருந்தது. இடமறிதல் என்ற விடயத்தை எடுத்துக்கொள்வோம். தாம் நிற்கும் தெரு எதுவென்றறியாமலும், வரைபடத்தை விளங்கிக்கொள்ள இயலாமலும் திணறுபவருக்கு ஒன்று. தேவையான நேரத்துக்குள் இடத்தைச் சென்றடைபவருக்கு நான்கு. குறுக்கு வழிகளையும் நினைவில் வைத்திருப்பவருக்கு ஏழு. அன்றைய சிறந்த செயலையும் மிகக் குறைவான செயலையும் ஆசிரியர் வசனமாகவும் எழுத வேண்டும். பயிலுநர் அதைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். அதே 1972இல், வேலைவாய்ப்பிற் பாரபட்சத்தைத் தடுக்கும் மத்திய சட்டம் நகர சபைகளுக்கும் விரிவாக்கப்பட்டமையால், ஒருவரை நீக்குவதற்கு எழுத்திலே காரணம் காட்டுவது இன்றியமையாததாயிற்று. சான் ஹொசேயின் முறை நாடெங்கும் பரவியதில் வியப்பில்லை.

எனினும், நாள்தோறும் புள்ளியிடும் ஒருவரின் முன்னிலையிலே, தெரியாததைத் தெரியாதென்று சொல்லப் பயிலுநர் தயங்குவார் என்ற குறை எழுந்தது. நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரப் பொலிசார் 1999ஆம் ஆண்டு முதல் வேறொரு வழியை வகுக்கலாயினர். அங்கே கற்பிப்பவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு. பயிலுநர் தம் பகுதியிலுள்ள உண்மைப் பிரச்சினையொன்றை ஆராய்ந்து தீர்வு தேடுவார். தவறுகளைக் குறிப்பேட்டில் எழுதி ஆசிரியருடன் உரையாடுவார். அந்தக் குறிப்பேட்டுக்குப் புள்ளி கிடையாது. கற்கும் மனம் அஞ்சாதிருக்க வேண்டுமென்ற அளவில் இது மேலான முறையே. ஆனால், திறமையற்றவரை விலக்குவதற்குச் சான்று திரட்டுவதிலே பழைய முறையின் கண்டிப்பு இதற்கு உண்டோ என்பது ஐயம்.

இரு முறைகளுக்கும் பொதுவான கேள்வியொன்றுண்டு. ஆசிரியரே தவறு செய்தால்? 2020ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி, மினியாபொலிஸ் நகரிலே ஜோர்ஜ் புளொய்ட் என்பவரின் கழுத்தின்மீது டெரெக் சோவின் என்ற உத்தியோகத்தர் ஒன்பது நிமிடங்களுக்கு மேலாக முழங்காலை ஊன்றியிருந்தார். உடனிருந்தோரில் தோமஸ் லேன், அலெக்சாண்டர் குவெங் என்ற இருவரும் பயிற்சியை முடித்துச் சில நாட்களே ஆனவர்கள். குவெங்கின் பயிற்சிக் காலத்தில் அவருக்குக் கள ஆசிரியராக இருந்தவர் சோவின். புளொய்டைப் பக்கவாட்டிற் புரட்டலாமா என்று லேன் இருமுறை கேட்டார், சோவின் இணங்கவில்லை. நாடித் துடிப்பை உணர முடியவில்லையென்று குவெங் சொன்னார், முழங்கால் எடுபடவில்லை. சக உத்தியோகத்தர் அளவு மீறினால் தடுக்க வேண்டுமென்ற விதி அந்நகரப் பொலிசில் 2016 முதலே இருந்தது. ஆசிரியரின் சொல்லை ஏற்றுப் பழகுவதும் பயிலுநருக்குப் புள்ளி தேடித் தரும் ஒரு விடயம். அந்தப் பழக்கம் பயிற்சி முடிந்த மறுநாளே உதிர்ந்துவிடுமென்று எதிர்பார்க்க இயலாது. நீதிமன்றமோ அதனைச் சாட்டாக ஏற்கவில்லை. சோவின் கொலைக் குற்றவாளியென 2021இல் தீர்ப்பாயிற்று. 2022 யூலையில் மத்திய நீதிமன்றம் லேனுக்கு இரண்டரை ஆண்டும், குவெங்குக்கு மூன்று ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது.