நெடுங்கதையின் வாயிலில்



சிவகாசி லயன் காமிக்ஸ் வெளியிட்ட ‘இரத்தப் படலம்’ சில திங்களாக என் மேசைமேல் கிடக்கிறது. பதினெட்டுப் பாகங்கள், ஒரே நூலாக. நினைவிழந்து கரையொதுங்கிய ஒருவன்; அவன் உடலில் பச்சை குத்திய ரோமானியப் பதின்மூன்று; ‘நான் யார்?’ என்னும் தேடல். ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைய, 1984இல் பெல்ஜியத்தில் தொடங்கிய சித்திரக்கதை. இதைப் படிக்கத் தொடங்கலாமா?

நீளம் தடையன்று, கம்பனின் பத்தாயிரம் பாடல்களுக்கு நாம் அஞ்சியதில்லை. ‘முனைவருக்குப் படக்கதையா?’ என்னும் நாணமும் நில்லாது. நம் இலஞ்சிக்கு அண்டையிலுள்ள குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., ஆசிரியர் பெயரறியா முத்தொள்ளாயிரத்தையும் சுவைத்து விளக்கியவர். சுவையே அவருக்கு அளவுகோல், பெயரன்று.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. இருபது ஆண்டுகளாக வகுப்புக்காகவே படித்துவந்தேன். பயன் கருதாது படித்த அந்தச் சிறுமி இன்னும் என்னுள் இருக்கிறாளா? கதைநாயகனைப் போல் நானும் என்னையே தேடவேண்டியிருக்கிறது.

முடிப்பேன் என்று சூளுரைக்கமாட்டேன். சுவை குன்றினால் மூடிவைக்கும் உரிமை எனக்குண்டு. ஆயினும் இன்றிரவு முதற்பாகத்தைத் திறக்கிறேன்.