கேள்வி கேட்க வேண்டியது டெல்லியையா, சென்னையையா?

(வடக்குத்தில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணி கூட்டத்தில் நம் அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் இன்ஜினியரிங் முடிச்சவன், வக்கீல் இல்ல. ஆனா இந்த விஷயத்தைப் பேசியே ஆகணும்.

என்கூட படிச்ச ஒரு பொண்ணு ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனா. மார்க் ஷீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே வந்த கேள்வி, "மேரேஜ் ஆகிடுச்சா?" ஆகிடுச்சுன்னு சொன்னா. "சொல்லி அனுப்புறோம்"னாங்க. இன்னும் சொல்லி அனுப்பல.

இது அவ ஒருத்தி கதை இல்ல. 2024 ஜூன் 25 அன்று ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில், திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று. பாகுபாடு இல்லைன்னு நிறுவனம் மறுத்தது. மறுநாளே ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம், 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்தின் 5ஆவது பிரிவைக் காட்டி, தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. கூடவே ஒன்று சொன்னது: இந்தச் சட்டத்தை அமல்படுத்த வேண்டியது மாநில அரசுதான்.

கவனிங்க தோழர்களே. சட்டம் எழுதினது டெல்லி. அமல்படுத்துற பொறுப்பு சென்னைக்கு.

நெய்வேலிக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். சுரங்கத்துக்குள்ள ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்தா, பொறுப்பான அரசு ஒன்றிய அரசு. ஏன்னா சுரங்கம் அவங்க கணக்கு. அதே பெண் கேட்டைத் தாண்டி வந்து ஒரு தனியார் ஆலையில வேலை கேட்டா, பொறுப்பு மாநில அரசு. ஒரே சட்டம்தான், கேட்டுக்கு உள்ளே ஒரு ஆபீசர், வெளியே ஒரு ஆபீசர்.

சரி, அந்த 1976 சட்டம் என்ன சொல்லுச்சு? பெண் என்பதற்காக வேலை மறுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. கல்யாணமான பெண் என்பதற்காக மறுக்கக் கூடாதுன்னு தெளிவா ஒரு வரி அதுல இருக்கல. "பெண்களைத்தான் நிறைய எடுத்திருக்கோமே"ன்னு ஒரு கம்பெனி சுலபமா சொல்லிடலாம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் பாலினம் என்றுதான் சொல்கிறது, திருமணத்தைத் தனியாகச் சொல்லவில்லை. ஓட்டை அப்படியே இருக்கு.

இதை அடைக்க டெல்லிக்காகக் காத்திருக்கணுமா? தீண்டாமைக் குற்றத்துக்குத் தண்டனை எழுதும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 35ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு மட்டுமே கொடுத்திருக்கு. ஆனா தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கு. நாமும் சட்டம் போடலாம். ஒன்றியச் சட்டத்தோடு முரண்பட்டால், 254ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேணும். அதுதான் தடை. அதையும் போராடி வாங்கணும்.

நமக்கு இது புதுசு இல்ல. எம்.சி.ராஜா கொண்டுவந்த மசோதா 1938லேயே சென்னை மாகாணத்தில் சட்டமாகி, பொது இடங்களில் தீண்டாமையைத் தடை செய்தது. நாடு முழுமைக்குமான தீண்டாமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1955இல். 17 வருஷம் முன்னாடி நின்னோம்! 2021இல் கழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்த்த ஜவுளிக்கடை அக்காக்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தது. தனியார் கடைதான், ஆனா நாற்காலி போடச் சொன்னது மாநிலச் சட்டம்.

அதனால என் கோரிக்கை இதுதான். திருமணம், கர்ப்பம், சாதி, மதம், மாற்றுத்திறன் எதைக் காட்டியும் தனியார் நிறுவனம் வேலை மறுக்கக் கூடாதுன்னு தமிழ்நாட்டுக்கே ஒரு சட்டம் வேணும். ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தாலும் அது செல்லணும். இப்ப இருக்கிற சட்டத்தை அமல்படுத்த அதிகாரிகளும் ஆலைக்குப் போய்ப் பார்க்கணும்.

நாம செய்ய வேண்டியது ஒன்று இருக்கு. "திருமணமாகாத பெண்கள் மட்டும்"னு வாட்ஸ்அப்ல வேலை விளம்பரம் வந்தா, ஃபார்வர்டு பண்ணிட்டுப் போயிடாதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுங்க, தேதியோட வைங்க, தொழிலாளர் துறைக்குப் புகாரா கொடுங்க.

மாநில சுயாட்சின்னு முழங்குறோம். முழங்கணும். ஆனா அதிகாரம் கேட்கிற கை, ஏற்கெனவே இருக்கிற பொறுப்பையும் தூக்கணும். அப்பதான் டெல்லியைப் பார்த்து நாம கேட்கிற கேள்விக்கு பலம் இருக்கும்.



#மாநில_சுயாட்சி #பெண்ணுரிமை #வடக்குத்து